பொதிச்சோறும் சம்பளப் பதிவேடும்

செப்டம்பர் 5ஆம் நாள் மாலை, மணலியில் நம் பங்கு இளைஞர்கள் ஆசிரியர் நாளைக் கொண்டாடினார்கள். பொன்னாடையும் பாராட்டுரையும் முடிந்தபின் 'வாகை சூட வா' திரைப்படத்தைத் திரையிட்டார்கள். 2011இல் சற்குணம் இயக்கத்தில் வெளிவந்து, சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம் அது. படம் முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைப்பவர். "படம் நல்லாத்தான் இருக்கு ஃபாதர். இதுக்கப்புறம் அந்த வாத்தியாருக்கு யாரு சம்பளம் கொடுக்கிறது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அவருடைய மனைவி தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை என்பது இல்லம் திரும்பிய பிறகே நம் நினைவுக்கு வந்தது. அதன் பின்னர் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதை மனத்திற்கொண்டு அப்படத்தையும், வேறு இரண்டு படைப்புகளையும், இறுதியில் நம்மையும் திறனாய்வு செய்ய முற்படுகிறோம்.

படத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1960களின் சிற்றூர், செங்கல் சூளையை நம்பிய குடும்பங்கள், மண் குழைத்தே வளரும் பிள்ளைகள், அரசு வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் அங்கே பாடம் சொல்ல வரும் இளைஞன். எழுத்தறியாதவனின் உழைப்பை எவ்வளவு எளிதாக ஏய்த்துவிடலாம் என்பதை இயக்குநர் கூர்மையாகக் காண்கிறார். முடிவில், அரசு வேலையைவிட அந்தப் பிள்ளைகளே பெரிது என்று அவ்விளைஞன் தேர்ந்துகொள்கிறான். நம் கண்கள் கலங்குகின்றன. ஆனால் சூளைத் தொழிலாளியின் கூலியை இத்தனை அக்கறையோடு நோக்கிய கண், ஆசிரியனின் கூலிக்கு வரும்போது மூடிக்கொள்கிறது. தியாகம் என்ற சொல் வந்ததும் கணக்கு மறைந்துவிடுகிறது. கூலி கேட்பவன் நல்ல ஆசிரியன் அல்லன் என்ற எண்ணம் நம் நெஞ்சில் சத்தமின்றிக் குடியேறுகிறது.

இதற்கு நேர் எதிரான கலையுள்ளம் ஒன்று நம் அண்டை மொழியில் இருந்தது. மலையாளச் சிறுகதை முன்னோடியான காரூர் நீலகண்ட பிள்ளை (1898-1975) தாமே தொடக்கப்பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். அவருடைய 'பொதிச்சோறு' புகழ்பெற்ற கதை. மாணவன் ஒருவன் கொண்டுவந்த சோற்றுப் பொதி காணாமற்போகிறது. எடுத்தவர் ஆசிரியர். காரணம், பசி. கதையின் சாரம் இவ்வளவே. இந்த ஆசிரியரைக் காரூர் தெய்வமாக்கவில்லை; கயவனாகவும் ஆக்கவில்லை. வயிறு உள்ள மனிதனாகக் காட்டினார். 'களவு செய்யாதே' என்று பாடம் நடத்த வேண்டியவரைக் களவுக்குத் தள்ளியது எது என்ற கேள்வியை வாசகரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆசிரியரின் ஊதியம் பற்றி எழுதப்பட்ட எந்த அறிக்கையும் இதைவிட அதிகமாக நமக்குச் சொல்லிவிடாது என்பது நம் துணிபு.

மூன்றாவதாக, 2023இல் வெளிவந்த 'வாத்தி'. தாராளமயத்துக்குப் பிந்திய 1990களில் தனியார் கல்வி நிறுவனங்கள் மிகுந்த சம்பளம் தந்து நல்ல ஆசிரியர்களை இழுத்துக்கொள்வதாகவும், அதனால் அரசுக் கல்வி நலிவதாகவும் கதை தொடங்குகிறது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையங்களைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் நம் தெருவில் உள்ள சாதாரண ஆங்கிலவழிப் பள்ளிக்கு இது பொருந்தாது. இங்கே அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலுமே சம்பளம் அதிகம். மானியம் பெறாத தனியார் பள்ளியிலோ, அதே பட்டம் பெற்றவர் அதே பாடத்தை நடத்தி, அதில் ஒரு சிறு பங்கையே பெறுகிறார். திரையில் அவர் பணத்தாசை பிடித்தவர். வாழ்க்கையில் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவர்.

ஆகவே ஆசிரியருக்கு நியாயமான ஊதியம் கிடைக்கிறதா என்று கேட்பவர்கள், எந்த ஆசிரியருக்கு என்பதை முதலில் கேட்டாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள மணலியைவிடத் தக்க இடம் இல்லை. 1969இல் இங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. 1971இல் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் வேதிப்பொருள் ஆலைகள் வரிசையாக வந்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிலாளர் குடும்பங்களே இவ்வூரின் முகம். இங்கே ஒரு குழந்தைக்கும் தெரியும், ஆலையில் வேலை செய்பவர் என்றால் இரண்டு வகை என்று. ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர் ஒப்பந்தக்காரரின் ஆள். இருவரும் ஒரே வாயிலில் நுழைந்து ஒரே புகையைச் சுவாசிக்கிறார்கள். சம்பள நாளன்று மட்டும் இருவேறு உலகங்களுக்குத் திரும்புகிறார்கள். ஆசிரியர் உலகமும் இதே வார்ப்பில் வார்க்கப்பட்டிருக்கிறது.

"வாத்தியாருக்கென்ன, கோடை விடுமுறைக்கும் சேர்த்துச் சம்பளம்" என்ற பேச்சைத் தேநீர்க் கடையில் அடிக்கடி கேட்கிறோம். அது நிரந்தர அரசு ஆசிரியரை மனத்தில் வைத்துப் பேசும் பேச்சு. 2017ஆம் ஆண்டின் ஊதியத் திருத்தப்படி, அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய். அகவிலைப்படி முதலியவை தனி. இது ஒரு குடும்பம் மானத்தோடு வாழப் போதுமானது. அவ்வாறு இருப்பதே முறை. அதைப் பார்த்துப் பொறாமைப்படுவது, நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தைக் குறைத்தால் ஒப்பந்தத் தொழிலாளியின் வயிறு நிறையும் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

அரசுப் பள்ளிக்குள்ளேயும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. ஆறாவது ஊதியக் குழுவின் நடைமுறையில், 2009 மே 31க்கு முன் பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1 முதல் பணியேற்றவருக்கு 5,200 ரூபாய் என்றும் ஆயிற்று. கல்வித் தகுதி ஒன்று, வகுப்பு ஒன்று, பாடநூல் ஒன்று. நாள்காட்டியில் ஒரு தாள் மட்டும் புரண்டுவிட்டது. அடிப்படையில் தோன்றிய 3,170 ரூபாய் வேறுபாடு, அகவிலைப்படி ஏற ஏற அகன்றது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இவ்வாசிரியர்கள் 2018 டிசம்பரிலும், 2022 டிசம்பரிலும், 2023 செப்டம்பர் இறுதியிலும் சென்னைக் கல்லூரிச் சாலையிலுள்ள கல்வி வளாகத்தில் உண்ணாநிலை இருந்தார்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை என்பது விதி. ஆனால் ஓர் அரை நாள் வேலை, மீதி அரை நாளில் வேறு நிலையான வேலை எதையும் தேடவிடாது என்பதைக் குடும்பம் நடத்துபவர் அறிவர். 2023 அக்டோபரில் 2,500 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டு அது 12,500 ஆயிற்று. இடையில் பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்விடத்தில் நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமை நம் நினைவுக்கு வருகிறது. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் உள்ள இவ்வுவமை, கூலி உயர்வு கேட்பவரின் வாயை அடைப்பதற்காகவே மறையுரைகளில் சில வேளை பயன்படுத்தப்பட்டிருக்கிறது. நாமும் அவ்வாறு பயன்படுத்தியதுண்டு. 'தருவதை வாங்கிக்கொள், முணுமுணுக்காதே' என்பதா அதன் பொருள்? உவமையை மீண்டும் படித்துப் பாருங்கள். தோட்ட உரிமையாளர் மாலையில், அன்றைய கூலியை அன்றே கொடுக்கிறார். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் முழு நாள் கூலி தருகிறார். ஏனெனில் அந்த ஒரு தெனாரியம் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பிழைப்பு. பிந்தி வந்தவனுக்கும் வயிறு முழுதாகவே இருக்கிறது. நாம் நடத்தும் தோட்டத்திலோ கதை தலைகீழ். பிந்தி வந்தவர்களும் விடியற்காலை முதல் முழு நாளும் உழைக்கிறார்கள். ஆயினும் பிந்தி வந்தார்கள் என்பதற்காகவே குறைத்துக் கொடுக்கிறோம். உவமையில் முணுமுணுத்தவர்கள் பிறருடைய நிறைவைக் கண்டு முணுமுணுத்தார்கள். நம் காலத்தில் முணுமுணுப்பவர்கள் தங்கள் குறையைக் கண்டு முணுமுணுக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்குவது உவமைக்குச் செய்யும் அநீதி.

ஒப்பந்தத் தொழிலாளியையும் தனியார் பள்ளி ஆசிரியையையும் ஒப்பிட்டால் மற்றொரு வியப்பு காத்திருக்கிறது. 1988இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கோவாவில் கத்தோலிக்க அருட்சகோதரியர் சபை ஒன்று நடத்திய பள்ளியில் வேலை இழந்த ஆசிரியை தொடுத்த வழக்கு அது. அந்நாளில் நடைமுறையிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் ஆசிரியர் 'தொழிலாளர்' அல்லர் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கற்பித்தல் உடலுழைப்பும் அன்று, எழுத்தர் வேலையும் அன்று; அது ஓர் உயர்ந்த அழைப்பு என்பது தீர்ப்பின் போக்கு. சட்டச் சொற்களின்படி அது சரியாகவே இருக்கலாம். விளைவை மட்டும் பாருங்கள். சுமை தூக்குபவர் தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேறலாம். ஆசிரியை அதன் வாயிலில் நிறுத்தப்பட்டார். பணியின் மேன்மையே அவருடைய உரிமையைப் பறித்தது. பணிக்கொடையிலும் இதே கதைதான். அச்சட்டத்தின்படி ஆசிரியர் 'பணியாளர்' அல்லர் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே அது செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் அத்திருத்தத்தை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை உறுதி செய்தது. ஓய்வுபெறும் ஆசிரியையின் கைக்கு ஒரு தொகை போய்ச்சேர இத்தனை வழக்குகள் வேண்டியிருந்தன.

2025 ஆகஸ்டில் குஜராத் ஒப்பந்த விரிவுரையாளர் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது நம் சிந்தனைக்குரியது. குருவைத் தெய்வமாகப் போற்றும் சுலோகத்தைப் பொது விழாக்களில் ஓதினால் மட்டும் போதாது. நாடு தன் ஆசிரியர்களை நடத்தும் முறையில் அது வெளிப்பட வேண்டும் என்ற பொருள்பட நீதிபதிகள் எழுதினார்கள். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நாமும் வரிசை சொல்கிறோம். தெய்வத்துக்குப் பசி இல்லை, குருவுக்கு உண்டு.

இதுவரை அரசையும் கலையையும் சட்டத்தையும் பேசினோம். இனி நம் வீட்டுக்குள் வருவோம். தமிழகத்தில் பள்ளிகளைக் கட்டியெழுப்பியவர்களுள் நம் துறவியர் முன்வரிசையில் நின்றவர்கள். அவர்கள் வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் முக்கியமன்று. உணவும் மருந்தும் முதுமைக்கு நிழலும் சபை தந்தது. காலப்போக்கில் அவர்களுடைய நாற்காலிகளில் பொதுநிலையினர் அமர்ந்தார்கள். வாடகை வீடும் கணவனும் குழந்தைகளும் மாமியாரின் மருந்துச் சீட்டும் உடையவர்கள். அவர்களுக்கும் துறவியின் அளவுகோலாலேயே சம்பளம் அளந்தோம். ஒருவர் மனமுவந்து எடுத்த வார்த்தைப்பாடு, மற்றவர்மேல் கேளாமலே சுமத்தப்பட்ட கூலி விகிதமாயிற்று. நம் குறையின் வேர் இங்கேதான் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

இதற்கு அரசும் ஒரு காரணம். 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் இல்லை என்று தமிழகத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் ஒரே மதிலுக்குள் உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று என்று இரண்டு உலகங்கள் தோன்றின. மதிய மணி இருவருக்கும் ஒன்றாக ஒலித்தது. சம்பள மணி வேறு வேறாக ஒலித்தது.

கேரளத்தின் வரலாறும் நமக்கு ஒரு கண்ணாடி. 1957இல் அங்கே கல்வி மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் ஜோசப் முண்டசேரி ஒரு கத்தோலிக்கர். மலையாளத்தின் பெயர்பெற்ற இலக்கியத் திறனாய்வாளர். கத்தோலிக்கக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் வழங்கும் என்பது அம்மசோதாவின் ஒரு கூறு. நியமன உரிமை, பள்ளி நிர்வாகம் பற்றிய பிற கூறுகளைத் திருச்சபை எதிர்த்தது. அவ்வெதிர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. மசோதாவின் சில பகுதிகள் சிறுபான்மையினர் உரிமைக்கு மாறானவை என்று 1958இல் உச்ச நீதிமன்றமே கருத்துரைத்தது. ஆயினும் ஆசிரியரின் சம்பளத்துக்காக நாம் அத்தனை உரக்கக் குரல் எழுப்பியதுண்டா என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

திருச்சபையின் போதனையில் குறையில்லை. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்க இணைச் சட்டம் பணிக்கிறது. தோபித்து தம் மகனுக்கு அதையே அறிவுறுத்துகிறார். பிடித்துவைக்கப்பட்ட கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதுகிறார். தொழிலாளி ஒப்புக்கொண்டான் என்பதாலேயே கூலி நீதியானதாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே கற்பித்தார். நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் பிறர் கண்ணுக்கு நீதியுள்ளவராய் இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம் திருச்சபைக்கே சொன்னது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1286ஆம் சட்டத்தில், சொத்துகளை நிர்வகிப்போர் தம் பணியாளர்க்கு நீதியும் மாண்பும் உள்ள ஊதியம் தர வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. குருமடத்தில் இவற்றையெல்லாம் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஆனால் நம் கையில் ஒரு பள்ளியின் சம்பளப் பதிவேடு வந்தபோது என்ன செய்தோம்?

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், தாளாளர் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. சுயநிதிப் பிரிவு ஆசிரியை ஒருவர் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். தாம் பாடம் நடத்தும் அதே பள்ளியில் தம் மகளின் கட்டணத்தைச் செலுத்த இயலவில்லை, சலுகை வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்து கரும்பலகையில் எழுதுவதைப் போலவே அழகாக இருந்தது. 'பாதிக் கட்டணம் தள்ளுபடி' என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். அவர் கைகூப்பி நன்றி சொன்னார். நாம் இரக்கமுள்ளவர் என்ற நிறைவு அன்று மாலைவரை நம்மிடம் இருந்தது. அதே வாரத்தில் அவருடைய சம்பளப் பதிவேட்டிலும் கையொப்பமிட்டோம். அந்தத் தொகை, பள்ளியின் புதிய கட்டடத்துக்கு மணல் சுமந்தவரின் கூலியைவிடக் குறைவு. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. காரூரின் கதையைப் படித்தபோதுதான் அந்த விண்ணப்பம் என்ன என்று புரிந்தது. அதுவும் ஒரு பொதிச்சோறே. கதையின் ஆசிரியர் எடுத்துக்கொண்டார்; இவர் கேட்டு வாங்கினார். அவருக்கு உரியதை நாம் வைத்துக்கொண்டு, அதில் ஒரு கவளத்தைத் தருமமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு மறுப்பு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. சம்பளத்தை உயர்த்தினால் கட்டணம் உயரும். கட்டணம் செலுத்துபவர் யார்? மணலியிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அதே ஒப்பந்தத் தொழிலாளிதான். ஓர் ஏழையின் சட்டைப் பையிலிருந்து எடுத்து மற்றோர் ஏழைக்குக் கொடுப்பது நீதியா? போதாக்குறைக்கு, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டணத்தை அரசு அமைத்த குழுவே நிர்ணயிக்கிறது. விரும்பியபடி உயர்த்தவும் இயலாது. இந்த இக்கட்டு மெய்யானது. ஆனால் இக்கட்டைச் சொல்லிக் கணக்கை மூடிவைப்பது மெய்யாகாது. கட்டணத்தில் எத்தனை பங்கு சம்பளத்துக்குப் போகிறது, எத்தனை பங்கு கட்டடத்துக்குப் போகிறது என்பதைப் பெற்றோர் முன்னிலையில் வாசிக்கட்டும். புதிய வாயில் வளைவும் வெள்ளிவிழா மண்டபமும் சம்பளத்துக்குப் பின் வரட்டும். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கேட்காமலே செலுத்தப்படட்டும். பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கு நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு, ஆசிரியர் ஊதிய நிதி திரட்டவும் தெரியும். இவ்வளவும் செய்த பிறகும் போதாதென்றால், அப்போது அரசிடம் மானியம் கேட்கும் குரலில் வலிமை இருக்கும். ஏனெனில் நம் கைகள் வெறுமையாயும் தூய்மையாயும் இருக்கும்.

வடசென்னைக்கு இதில் ஒரு மரபும் உண்டு. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் திரு.வி.கலியாணசுந்தரனார். அவர் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். ஆலைத் தொழிலாளரின் கூலிக்காக ஓர் ஆசிரியர் குரல் கொடுத்த மண் இது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஓர் ஒப்பந்தத் தொழிலாளி எழுந்து ஆசிரியரின் கூலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கடன் திரும்பியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவருடைய வீட்டுக்குச் சென்றோம். மனைவி தரையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டா என்று கேட்க நமக்கு நா எழவில்லை. அவர் நமக்குத் தேநீர் தந்துவிட்டு மீண்டும் சிவப்பு மையை எடுத்தார். அன்று மண்டபத்தில் எழுந்த கேள்விக்கு விடை எளியது. அந்த வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் திரையில் இல்லை. கைதட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அந்த மண்டபத்திலேயே இருந்தோம்.